நள்ளிரவை ஏற்று, பத்து மணியை விதித்த தீர்ப்பு: ஒளிபரப்பு நேரக் கட்டுப்பாடு குறித்த நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் ஆன்டெனா வழியாக வீடுகளுக்கு வரும் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 'அநாகரிகமான' உள்ளடக்கத்துக்கு அனுமதி இல்லை; இரவு 10 மணிக்குப் பின் மறுநாள் காலை 6 மணி வரை அந்தத் தடை இல்லை. தடையற்ற இந்த எட்டு மணி நேரத்தைச் சட்டத்துறையினர் 'சேஃப் ஹார்பர்' என்று அழைக்கிறார்கள். புயலுக்குப் பயந்து கப்பல் ஒதுங்கும் துறைமுகம்போல, அபராதத்துக்குப் பயந்து ஒளிபரப்பாளர் ஒதுங்கும் நேரம் அது. பத்து மணி என்ற எல்லை எதனால் வந்தது என்று கேட்டால், குழந்தைகள் உறங்கப் போகும் நேரம் அதுவாக இருக்கும் என்றே எவரும் ஊகிப்பார்கள். வழக்கின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு அது அப்படியில்லை என்று தெரியும். 1995 ஜூன் 30 அன்று வாஷிங்டன் நகரிலுள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, தடையை நள்ளிரவு வரை நீட்டிப்பதில் அரசியலமைப்புப் பிழை ஏதுமில்லை என்று ஏற்றுக்கொண்டது. அதே தீர்ப்பின் முடிவில், தடையை 10 மணியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும் உத்தரவிட்டது. குழந்தைகளைக் காக்க எழுந்த ஒரு விதியின் மைய எண், குழந்தைகளோடு நேரடித் தொடர்பில்லாத ஒரு காரணத்தால் முடிவானது எப்படி என்பதே இந்த ஆய்வின் பொருள்.

ஒரு பிற்பகல், ஒரு கார், ஒரு கடிதம்

1973 அக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் சுமார் 2 மணிக்கு, பசிஃபிகா அறக்கட்டளை நடத்திய நியூயார்க் வானொலி நிலையமான டபிள்யூ.பி.ஏ.ஐ., நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் கார்லினின் பன்னிரண்டு நிமிட மேடைப் பேச்சின் ஒலிப்பதிவை ஒலிபரப்பியது. பொது அலைவரிசையில் சொல்லவே கூடாத சொற்கள் எவை என்று பட்டியலிட்டு, அவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டும் பேச்சு அது. சமூகம் மொழியை எப்படிப் பார்க்கிறது என்பதைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றின் பகுதியாக அது ஒலிபரப்பானது. சிலருக்கு இந்தப் பேச்சு மனம் கோணும்படி இருக்கலாம் என்று நிலையம் முன்கூட்டியே எச்சரித்தும் இருந்தது. ஆனால் வானொலியைப் பாதியில் திருப்புகிறவருக்கு முன்னெச்சரிக்கையால் எந்தப் பயனும் இல்லை. தன் மகனுடன் காரில் போய்க்கொண்டிருந்த ஒருவர் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, சில வாரங்கள் கழித்து எஃப்.சி.சி. எனப்படும் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார். வேறு எவரும் முறையிட்டதாகத் தனக்குத் தெரியாது என்று நிலையம் பதிலளித்தது. அரை நூற்றாண்டாக நீடிக்கும் ஒரு சட்டக் கோட்பாட்டுக்கு அந்த ஒற்றைக் கடிதமே தொடக்கம்.

ஆணையத்தின் நிலை அத்தனை எளிதானதாக இல்லை. தகவல்தொடர்புச் சட்டத்தின் 326ஆம் பிரிவு ஒலிபரப்புகளைத் தணிக்கை செய்யும் அதிகாரத்தை ஆணையத்துக்கு மறுக்கிறது. குற்றவியல் சட்டத் தொகுப்பின் 1464ஆம் பிரிவோ, ஆபாசமான, அநாகரிகமான, நிந்தனையான மொழியை வானலைகளில் பரப்புவது குற்றம் என்கிறது. ஆபாசம், அநாகரிகம் என்ற இரண்டையும் இங்கே பிரித்துப் பார்த்தாக வேண்டும், ஏனெனில் நேரக் கட்டுப்பாடு என்ற கருவி பிறந்ததே இந்தப் பிரிவினையிலிருந்துதான். ஆபாசத்துக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு கிடையாது. அதை எந்த மணிக்கும் ஒளிபரப்ப முடியாது. அநாகரிகம் என்பது, பாலுறவையோ கழிவு உறுப்புகளையோ அவற்றின் செயல்களையோ, அந்த ஊடகத்துக்குரிய சமகாலச் சமூக அளவுகோலின்படி அப்பட்டமாக முகம் சுளிக்க வைக்கும் வகையில் காட்டுவது அல்லது விவரிப்பது. வயது வந்தோர் அதைப் பார்க்கவும் கேட்கவும் உரிமை பெற்றவர்கள். ஆகவே அதை ஒழிக்க முடியாது, ஒதுக்கத்தான் முடியும். இடத்தால் ஒதுக்குவதென்றால் அலைக்கு இடமில்லை. ஒரே அலை வரவேற்பறைக்கும் குழந்தையின் அறைக்கும் போகிறது. மிஞ்சியது காலம் ஒன்றே.

ஆணையம் 1975இல் அந்த நிலையத்துக்கு அபராதம் விதிக்கவில்லை. உத்தரவை அதன் உரிமக் கோப்பில் சேர்த்து வைத்தது, மேலும் முறையீடுகள் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று. உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய நிலையத்துக்கு இது அபராதத்தைவிடக் கூடுதலான அச்சத்தைத் தந்திருக்கும் என்பது என் எண்ணம். 1978 ஜூலை 3 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஆணையத்தின் பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் இரண்டு காரணங்களை முன்வைத்தார்: ஒலிபரப்பு வீட்டுக்குள் அழையாமலே நுழைந்துவிடுகிறது, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் அது எட்டிவிடுகிறது. தவறான இடத்தில் இருப்பதாலேயே ஒரு சரியான பொருள் தொல்லையாகிவிடும் என்பதற்கு, பட்டியில் நிற்க வேண்டிய பன்றி வரவேற்பறைக்குள் வந்துவிட்டதைப்போல என்ற பழைய தீர்ப்பின் உவமையையும் அவர் எடுத்தாண்டார். நிகழ்ச்சி ஒலிபரப்பான நேரமும் கருத்தில் கொள்ள வேண்டியது என்று அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டதே தவிர, எந்த மணி என்று சொல்லவில்லை. பின்னால் பதினேழு ஆண்டுகள் நடந்த வழக்காடல், தீர்ப்பு நிரப்பாமல் விட்ட அந்த இடத்தை நிரப்புவதற்காகவே நடந்தது.

யாரை எண்ணுவது?

அடுத்த ஒன்பது ஆண்டுகள் ஆணையம் கார்லினின் பட்டியலிலிருந்த சொற்களையே அளவுகோலாக வைத்துக்கொண்டு ஏறக்குறைய அமைதியாக இருந்தது. 1987 ஏப்ரலில் அந்த அமைதி கலைந்தது. மூன்று வானொலி நிலையங்களின் நிகழ்ச்சிகளை ஒரே நேரத்தில் கையிலெடுத்த ஆணையம், சொற்பட்டியல் போதாது, பொது வரையறைதான் அளவுகோல் என்று அறிவித்தது. கூடவே, அதுவரை பாதுகாப்பானது என்று எல்லோரும் எண்ணியிருந்த 10 மணியையும் கைவிட்டு, நள்ளிரவுக்குப் பிறகே அச்சமின்றி ஒலிபரப்பலாம் என்று சுட்டியது. மூன்றில் ஒன்று பிலடெல்பியாவில் காலை நேரத்தில் வந்த நிகழ்ச்சி; மற்ற இரண்டும் கலிஃபோர்னியாவில் இரவு 10 மணிக்குப் பிறகு வந்தவை.

இதை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்களின் வரிசையில் முதலில் நின்ற பெயர் 'ஆக்‌ஷன் ஃபார் சில்ட்ரன்ஸ் டெலிவிஷன்'. பெக்கி சாரன் என்பவர் 1968இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கிய அந்த அமைப்பு, குழந்தைகளுக்கு நல்ல நிகழ்ச்சிகள் வேண்டும் என்றும், குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களைக் குறைக்க வேண்டும் என்றும் பல்லாண்டுகள் போராடியது. குழந்தைகளுக்காகப் பேசும் அமைப்பு, குழந்தைகளின் பெயரால் வரும் தடையை ஏன் எதிர்க்க வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. நல்லதைக் கூட்டச் சொல்வது ஒன்று, வேண்டாததை அரசு வெட்டட்டும் என்று விடுவது வேறொன்று என்பதே அவர்களுடைய நிலைப்பாடாக இருந்தது. அந்த அமைப்பு 1992இல் கலைந்துவிட்டது. 1995இன் இறுதித் தீர்ப்பிலும் வழக்கின் தலைப்பில் அதன் பெயரே இருந்தது என்பது ஒரு கிளைச் செய்தி.

வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலிருந்து 1988இல் வந்த முதல் தீர்ப்பை எழுதியவர், பின்னாளில் உச்ச நீதிமன்றம் சென்ற ரூத் பேடர் கின்ஸ்பர்க். ஆணையத்தின் பொது வரையறையை அவர் ஏற்றார். பகலில் ஒலிபரப்பான நிகழ்ச்சி மீதான கண்டனத்தையும் ஏற்றார். பத்து மணிக்குப் பிந்தைய இரண்டையும் திருப்பி அனுப்பினார். திருப்பி அனுப்பியதற்கு அவர் சொன்ன காரணங்கள், நேரக் கட்டுப்பாடு பற்றிச் சிந்திக்கும் எவரும் இன்றும் கவனிக்க வேண்டியவை. ஆணையம் அதுவரை கவலைப்பட்டது பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளைப் பற்றி. இரவில் குழந்தைகள் கேட்கிறார்கள் என்று காட்டுவதற்கு அது எடுத்து வைத்த எண்களோ 12 முதல் 17 வரையிலான வளரிளம் பருவத்தினருடையவை. அந்த எண்களும் குறிப்பிட்ட நிலையத்தைக் கேட்டவர்களின் எண்ணிக்கை அல்ல. அந்த வட்டாரத்தில் அந்த நேரத்தில் எந்த வானொலியையாவது கேட்டுக்கொண்டிருந்தவர்களின் மொத்தம்.

இந்த இரண்டாவது குறையை ஒரு கணம் அருகில் வைத்துப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்கு ஒரு பதினைந்து வயதுப் பையன் தன் அறையில் பாட்டு நிலையம் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். முள்ளைச் சற்றே நகர்த்தினால், நாடகம் ஒலிபரப்பும் சிறிய நிலையத்துக்கு அவன் போய்விட முடியும். போகவில்லை, போகப் போவதும் இல்லை, அப்படியொரு நிலையம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. அவனை அந்த நாடகத்தின் பாதிக்கப்படக்கூடிய நேயராக எண்ண வேண்டுமா? எண்ணினால், ஊர் முழுக்க ஒரு வானொலிப் பெட்டியாவது விழித்திருக்கும் வரை பாதுகாப்பான நேரம் என்று ஒன்று இருக்காது. எண்ணாவிட்டால், எதிர்பாராமல் முள்ளைத் திருப்பும் குழந்தையை விதி மறந்துவிடும். 1973இல் காரில் இருந்த பையனும் அப்படிக் கேட்டவன்தான். கின்ஸ்பர்க் இந்தக் கேள்விக்கு விடை சொல்லவில்லை. எண்ணிக்கை நேர்மையானதாக இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். என் பார்வையில் இந்த நீண்ட வழக்கில் மிகவும் பயனுள்ள பக்கங்கள் அவைதான். மிகக் குறைவாகப் பின்பற்றப்பட்டவையும் அவையே.

இருபத்து நான்கு மணி நேரமும் தடை

ஆணையம் புதிய கணக்கோடு வருவதற்குள் நாடாளுமன்றம் குறுக்கே வந்தது. செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் கொண்டுவந்த திருத்தம் 1988இல் சட்டமாகி, அநாகரிகத்தை நாளின் இருபத்து நான்கு மணி நேரமும் தடை செய்யும்படி ஆணையத்தைப் பணித்தது. இதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியது அதிகமில்லை: நாள் முழுவதும் தடை என்றால் அது ஒதுக்கல் அல்ல, ஒழிப்பு, ஒழிப்பதற்கு உரிமையில்லாத ஒன்றை ஒழிக்க முயன்ற அந்தச் சட்டத்தை அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் செல்லாது என்றது. 1992இல் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

இரண்டு மணி நேரச் சலுகை

அதே 1992இல் நாடாளுமன்றம் பொதுத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. காலை 6 மணி முதல் நள்ளிரவு வரை தடை. ஆனால் நள்ளிரவிலோ அதற்கு முன்னரோ ஒலிபரப்பை முடித்துக்கொள்ளும், வணிக நோக்கமில்லாத பொது ஒலிபரப்பு நிலையங்கள் மட்டும் 10 மணியிலிருந்தே வயது வந்தோருக்கான நிகழ்ச்சிகளைத் தரலாம். சலுகைக்குக் காரணம் புரியக்கூடியதே. இரவு பன்னிரண்டுக்குக் கதவடைக்கும் ஒரு நிலையத்துக்கு, பன்னிரண்டுக்குப் பிறகு உனக்குச் சுதந்திரம் என்று சொல்வதில் பொருளில்லை.

முழு அமர்வின் முன் வழக்கு வந்தபோது, அரசு முன்னிறுத்திய நோக்கங்களில் இரண்டு இங்கே முக்கியமானவை: பெற்றோரின் கண்காணிப்புக்குத் துணை நிற்பது, பெற்றோர் அருகில் இல்லாதபோதும் குழந்தையின் நலனைக் காப்பது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜேம்ஸ் பக்லி இரண்டையும் வலுவான நோக்கங்களாக ஏற்றார். ஆணையம் தந்த தரவின்படி, 12 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 21 சதவீதத்தினர் இரவு 11 முதல் 11.30 வரை தொலைக்காட்சி பார்த்தனர். அதன் பின் நள்ளிரவு கடந்து 1 மணி வரை அது சுமார் 15 சதவீதமாகக் குறைந்தது. பத்து மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையே கணிசமான சிறார்கள் விழித்திருக்கிறார்கள் என்பதற்கு இது போதும் என்று பெரும்பான்மை கருதியது. 1988இல் கேட்கப்பட்ட கேள்விகள் இங்கே வசதியாகப் பின்வாங்கிவிட்டதைக் கவனிக்க வேண்டும்: நாடாளுமன்றம் குழந்தை என்பதற்குப் பதினெட்டுக்கு உட்பட்ட எவரும் என்று பொருள்கொண்டதால் வயதுச் சிக்கல் மறைந்தது, எந்த நிகழ்ச்சியைப் பார்த்தார்கள் என்ற கேள்விக்கு, பார்க்கக்கூடிய நிலையில் இருந்தார்கள் என்பதே விடையாயிற்று.

இதுவரை நள்ளிரவுக்கு வெற்றி. அடுத்த பத்திகளில் அது தோற்றது. பொது நிலையங்களுக்குத் தரப்பட்ட சலுகையை நீதிமன்றம் கையிலெடுத்தது. பத்து மணிக்கு ஒரு வணிக நிலையம் காட்டும் காட்சி குழந்தையைப் பாதிக்குமென்றால், அதே பத்து மணிக்குப் பொது நிலையம் காட்டும் அதே காட்சி ஏன் பாதிக்காது? சலுகைக்கும் குழந்தைகளின் நலனுக்கும் இடையே எந்த உறவையும் நாடாளுமன்றம் காட்டவில்லை. ஆகவே இரு வகை நிலையங்களுக்கும் ஒரே நேரம்தான் என்று நீதிமன்றம் முடிவு செய்து, சிலருக்கு மட்டும் திறந்திருந்த 10 மணிக் கதவை எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஏழு நீதிபதிகள் இப்படி, நால்வர் மாறுபட்டனர். உச்ச நீதிமன்றம் 1996 தொடக்கத்தில் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. இன்றைய 10 மணி அங்கிருந்து வந்தது: முன்பே அடங்கிவிடும் சில சிறிய நிலையங்களுக்காகத் தரப்பட்ட ஒரு சலுகை, சமநீதி என்ற வாய்க்கால் வழியாகப் பாய்ந்து நாடு முழுமைக்கும் விதியாகிவிட்டது.

மாறுபட்டவர்களில் தலைமை நீதிபதி ஹாரி எட்வர்ட்ஸின் கருத்து தனியே சொல்லத்தக்கது. அரசின் இரண்டு நோக்கங்களும் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்றார் அவர். பதினாறு வயது மகள் ஒரு குறிப்பிட்ட நாடகத்தைப் பார்க்கலாம் என்று ஒரு தாய் முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோருக்குத் துணை நிற்பதென்றால் அந்த முடிவை மதிக்க வேண்டும், தாயின் விருப்பத்தை மீறியும் மகளைக் காப்பதென்றால் அது பெற்றோருக்குத் துணை நிற்பது ஆகாது. பெரும்பான்மை இதற்கு நிறைவான விடை தந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே வீட்டுக்குள் வரும் கேபிள் அலைவரிசைக்கு இந்தத் தடை இல்லாதபோது, ஆன்டெனாவில் வருவதற்கு மட்டும் ஏன் என்ற கேள்வியையும் அவர் எழுப்பினார்.

கேபிளில் அதே கடிகாரம் தோற்றது

அந்தக் கேள்விக்கு ஒரு வகை விடை ஐந்து ஆண்டுகளில் வந்தது. 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 505ஆம் பிரிவு, வயது வந்தோருக்கான கேபிள் அலைவரிசைகளைச் சந்தா கட்டாத வீடுகளுக்கு முழுமையாக மறைக்க வேண்டும், முடியாவிட்டால் இரவு 10 முதல் காலை 6 வரை மட்டுமே அனுப்ப வேண்டும் என்றது. சிதைத்து அனுப்பப்படும் படத்திலும் சில வேளைகளில் ஒலியோ உருவமோ கசிந்துவிடும் என்பதே அப்போதைய சிக்கல். முழுமையாக மறைக்கும் கருவிக்குச் செலவு மிகுதி என்பதால் பெரும்பாலான கேபிள் நிறுவனங்கள் கடிகாரத்தைத் தேர்ந்தெடுத்தன. அதன் விளைவு, அத்தகைய நிகழ்ச்சிகளைப் பார்ப்போரில் 30 முதல் 50 சதவீதம் பேர் 10 மணிக்கு முன்னர் பார்ப்பவர்களாக இருந்தும், பகல் முழுவதும் அவை நின்றுபோயின.

2000 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், பிளேபாய் நிறுவனம் தொடர்ந்த வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தப் பிரிவை நீக்கியது. காரணம் எளிது: வேண்டாம் என்று கேட்கும் வீட்டுக்கு அலைவரிசையை இலவசமாக அடைத்துத் தர வேண்டும் என்ற 504ஆம் பிரிவு ஏற்கெனவே இருந்தது. வீடு வீடாகத் தடுக்க முடியும்போது ஊருக்கெல்லாம் கடிகாரம் எதற்கு? அந்த வசதியைக் கேட்டவர்கள் சந்தாதாரர்களில் அரை சதவீதத்துக்கும் குறைவு என்ற எண்ணை இரு தரப்பும் தமக்குச் சாதகமாகக் காட்டின. பெற்றோருக்குத் தெரியவில்லை என்றது அரசு, பெற்றோருக்குக் கவலையில்லை என்றும் அதைப் படிக்கலாம் என்றது மறுதரப்பு.

கடிகாரத்தை வைத்து நோக்கினால் இதன் பொருள், குறிப்பிட்ட வீட்டை மட்டும் அடைக்கும் கருவி இல்லாத இடத்தில்தான் நேரக் கட்டுப்பாட்டுக்கு நியாயம் உண்டு என்பது. ஆனால் அதே 1996 சட்டம், 2000 ஜனவரி முதல் விற்கப்படும் 13 அங்குலமும் அதற்கு மேற்பட்டதுமான தொலைக்காட்சிப் பெட்டிகள் அனைத்திலும், நிகழ்ச்சித் தரக் குறியீட்டைப் படித்துப் பெற்றோர் விருப்பப்படி தடுக்கும் 'வி-சிப்' இருக்க வேண்டும் என்று வகை செய்திருந்தது. ஆன்டெனாவுக்கும் அத்தகைய கருவி வந்துவிட்டது. கடிகாரம் மட்டும் அப்படியே தொடர்ந்தது.

ஒரே கணம், இரண்டு மணி

அந்தக் கடிகாரம் நடைமுறையில் எப்படி ஓடியது என்பதற்கு 2003 பிப்ரவரி 25 ஒரு நல்ல சான்று. ஏ.பி.சி. வலையமைப்பின் காவல்துறைத் தொடர் ஒன்றின் அன்றைய பகுதியில், குளிக்கப் போகும் ஒரு பெண்ணின் பின்புறம் சுமார் ஏழு விநாடிகள் ஆடையின்றித் தெரிந்தது. வலையமைப்பு நிகழ்ச்சிகள் கிழக்கு நேர மண்டலத்தில் இரவு பத்து மணிக்கு ஒளிபரப்பாகும்போது, மத்திய மண்டலத்துக் கடிகாரம் ஒன்பது காட்டும். அங்கே மாலை முதன்மை நேரம் ஒரு மணி நேரம் முன்னதாகவே தொடங்குவது நெடுநாள் வழக்கம். கிழக்கில் பார்த்த குழந்தைக்கு அது 'பாதுகாப்பான' பத்து மணி, மத்திய மண்டலத்தில் பார்த்த குழந்தைக்குத் தடைசெய்யப்பட்ட ஒன்பது மணி. ஆணையம் 2008இல் மத்திய, மலை மண்டலங்களைச் சேர்ந்த 45 நிலையங்களுக்கு மட்டும் தலா 27,500 டாலர், மொத்தம் சுமார் 12.4 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. கிழக்கில் அதே காட்சியைக் காட்டிய நிலையங்கள் எதற்கும் அபராதம் இல்லை.

2012 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம், இத்தகைய கணநேரக் காட்சியும் குற்றமாகும் என்று முன்கூட்டியே தெளிவாக அறிவிக்கவில்லை என்ற காரணத்துக்காக இந்த அபராதங்களைச் செல்லாதவை ஆக்கியது. நேரக் கட்டுப்பாடு அரசியலமைப்புக்கு ஏற்றதா என்பதற்குள் அது போகவில்லை. அந்த அமர்வில் இருந்த கின்ஸ்பர்க் மட்டும் தனியே சில வரிகள் எழுதினார்: 1978இன் தீர்ப்பு அன்றே தவறானது, தொழில்நுட்ப மாற்றங்களும் ஆணையத்தின் பிந்தைய முடிவுகளும் அதை மறுபரிசீலனை செய்ய வேண்டியதாக்கிவிட்டன என்று. எண்ணிக்கையைச் சரியாகச் செய்யுங்கள் என்று ஆணையத்திடம் அவர் கேட்டு அப்போது இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. விதித் தொகுப்பின் 73.3999ஆம் விதியில் தடை இன்னும் காலை 6 மணிக்குத் தொடங்கி இரவு 10 மணிக்கு முடிகிறது. எந்த மண்டலத்துக் கடிகாரத்தைப் பார்ப்பது என்பதை அந்தந்த ஊரின் நேரமே முடிவு செய்கிறது.